சணப்புக்குள் சில்லறை

பாம்பை முதலில் பார்த்தவர் பக்கத்து வீட்டு மாடியில் இருக்கும் டெய்லர். ஊசியில் நூல் கோக்கவே கண்ணாடியைத் தேடுகிற மனிதர். அவர் கண்ணில்தான் பட்டது. "அண்ணே, உங்க தோட்டத்துக்குள்ள ஒண்ணு பூந்துடுச்சு!" என்று ஜன்னலிலிருந்து கத்தினார்.

"பூனையா, கோழியா?"

"கால் இருக்கிற ரகம் இல்லைண்ணே."

கையில் இருந்த தண்ணீர்ச் செம்பை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வியாபாரியாகப் பிறந்தவனுக்கு வாயில்தான் தைரியம். எதிராளி வாயைத் திறந்தால் நானும் திறப்பேன். அவன் ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்வேன். பேசாத எதிராளியிடம் என்ன செய்வது?

தோட்டம் என்று டெய்லர் சொன்னது மரியாதைக்கு. வீட்டின் பின்பக்கம் இரண்டு லாரி ஒட்டி நிற்கிற அளவுக்கு ஓர் இடம். சுற்றிலும் மதில், மதிலோரமாக ஆள் நடக்க ஒரு நடை, ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி, எதிர்மூலையில் மூடி உடைந்த சாக்கடைக் குழாய். நடுவில், ஆளை மறைக்கிற உயரத்துக்கு, சுவர் வைத்ததுபோல் சணப்புச் செடி நின்றது. பாம்பு அந்தக் குழாயிலிருந்து வந்து சணப்புக்குள் போயிருக்கிறது.

பருப்பு மொத்த வியாபாரி வீட்டில் சணப்புக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வீட்டை நான் பேசி வாங்கினேன். நான் பேசி வாங்கினேன் என்றால் விற்றவர் கண் கலங்கினார் என்று அர்த்தம். அந்த ஆள் தன் பழியை மண்ணில் தீர்த்துக்கொண்டார். வீடு கட்டியபோது மிஞ்சிய உடைசெங்கல், காரைக்கட்டி, அஸ்திவாரம் தோண்டிய அடிமண் எல்லாவற்றையும் பின்பக்கம் கொட்டிப் பரப்பி, மேலே ஒரு விரல் கனத்துக்கு நல்ல மண்ணைத் தூவியிருந்தார். மேலே முதல்தரம், அடியில் புழுத்தது! எங்கள் தொழிலில் எத்தனை மூட்டையில் கையை விட்டு இந்தத் திருட்டைப் பிடித்திருப்பேன். மண்ணை மட்டும் மேலாகப் பார்த்து வாங்கிவிட்டேன். என் மனைவி வைத்த தக்காளி இலை மஞ்சளாகி, முழங்கால் உயரத்திலேயே கூன் விழுந்து நின்றது. "அடிமாட்டு விலைக்கு வாங்கினீங்க, அடிமாட்டு மண்ணைத் தந்துட்டான்" என்றாள்.

நாற்றுப்பண்ணை அம்மாள்தான் வந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இதுல இப்ப எது வச்சாலும் வராது. முதல்ல மண்ணுக்குச் சாப்பாடு போடுங்க" என்றாள். சணப்பு விதைக்க வேண்டும். அது வேரில் சின்னச் சின்ன முடிச்சு கட்டி, காற்றில் இருக்கிற சத்தைப் பிடித்து வைக்கும். பூ எட்டிப் பார்க்கிற சமயத்தில் வெட்டி, துண்டு போட்டு, அதே மண்ணுக்குள் கொத்திப் புதைத்துவிட வேண்டும். அது அழுகினால் உரம். பூ முற்ற விட்டால் தண்டு நாராகிவிடும், மண்ணுக்குள் சீக்கிரம் மக்காது.

"வளர்த்து, விக்காம, புதைக்கணுமா?" என்று கேட்டேன். எங்கள் பரம்பரையில் யாரும் நல்ல சரக்கைக் குழி தோண்டி மூடியதில்லை.

"ஆமா. ரொம்ப நெருக்கிப் போட்டுடாதீங்க, இந்த இடத்துக்கு இவ்வளவு போதும்" என்று விதையைத் தனியாகக் கட்டிக் கொடுத்தாள்.

அதை விதைத்தது என் அக்கா. கடையில் தராசு அவள் கையில்தான். அக்கா நிறுத்தால் முள் நேரே நிற்கும், யாரும் குறை சொல்ல முடியாது. நிறுத்து முடித்ததும் மேலே ஒரு கை கொசுறு அள்ளிப் போடுவாள். அது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. போடாமல் விட்டால் அன்று முழுக்க எதையோ மறந்துவிட்டோமே என்று தவிப்பாள். மண்ணுக்கு மட்டும் அவள் கை அடங்குமா? பாத்தி பாத்தியாகத் தூவினாள். ஒவ்வொரு பாத்திக்கும் முடிவில் கொசுறு. கட்டிக் கொடுத்த விதை பாதியிலேயே தீர்ந்ததும் நாற்றுப்பண்ணைக்கு ஆள் அனுப்பி இன்னொரு கட்டு வாங்கி வரச் சொன்னாள். "கொடுக்கிற கை சுருங்கக் கூடாதுடா. மண்ணும் நம்ம வாடிக்கைதானே" என்றாள்.

மண்ணும் வாங்கிக்கொண்டு வஞ்சனை செய்யவில்லை. விதைத்ததெல்லாம் முளைத்தது. குச்சிக்கும் குச்சிக்கும் நடுவே விரல் நுழையாது. வெயில் தரையைத் தொடாது. வெளியே நின்று பார்த்தால் ஒரு சாண் தூரம்கூட உள்ளே தெரியாது. அந்த இருட்டும் குளிர்ச்சியும் பிடித்துத்தான் எலி வந்திருக்கும். எலிக்குப் பின்னால் இது வந்திருக்கிறது.

அன்றுதான் சணப்பை வெட்டுகிற நாள். நுனிகளில் மஞ்சள் மொட்டு வெடிக்கத் தொடங்கியிருந்தது. மண்வெட்டிக்காரர் மதியத்துக்குமேல் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். டெய்லர் கத்தியதும் நாங்கள் பின்கதவைத் தாழ் போட்டோம். அடியில் சாக்கை மடித்துத் திணித்தோம். அடுக்களையில் கூட்டம் கூடியது.

"மண்வெட்டிக்காரர் வரட்டும், அவர் பாத்துப்பார்" என்றேன்.

"அவருக்கு மட்டும் உயிர் என்ன ரெண்டா?" என்றாள் மனைவி.

"பாம்பு பிடிக்கிறவனைக் கூப்பிடு" என்றாள் அக்கா.

கூப்பிட்டேன். ஊருக்கு மறுகோடியில் இருக்கிறாராம், வர நேரம் ஆகுமாம். "அதுவரைக்கும் அதை அங்கேயே இருக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரி, எல்லாரும் உள்ளேதானே இருக்கோம். கதவு சாத்தியாச்சு, அப்புறம் என்ன பயம்?" என்று அக்கா எழுந்தாள். "சில்லறை எங்கே?"

சில்லறை என் மகள். நாலு வயது. பிறந்தபோது உள்ளங்கை அளவே இருந்தாள். அன்றிலிருந்து இருக்கிற இடமெல்லாம் கலகலவென்று சத்தம். பெயர் வைத்தது அக்காதான். பள்ளிக்கூடத்துப் பெயர் ஒன்று உண்டு, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

"உங்களோட கடையிலதானே இருந்தா, அண்ணி?" என்றாள் மனைவி.

"அப்பாகிட்டப் போறேன்னு வந்தாளே."

"நீ தூங்க வச்சிருக்கேன்னு நினைச்சேன்" என்றேன் நான்.

கூட்டு வியாபாரத்தில் சரக்கு தொலைவது இப்படித்தான். நீ பார்ப்பாய் என்று அவன், அவன் பார்ப்பான் என்று நீ. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு மூன்று பேரும் மூன்று பக்கம் ஓடினோம். கட்டிலுக்கு அடியில், மூட்டைகளுக்கு நடுவில், மாடிப்படிக்குக் கீழே, குளியலறையில், டெய்லர் வீட்டில். வீடு முழுக்க அவள் பெயரை நாங்கள்தான் போட்டு உருட்டினோம். பதில் சத்தம் ஒன்றுகூட இல்லை.

பின்கதவின் சாக்கை இழுத்தெறிந்து திறந்தவள் என் மனைவி. தொட்டிப் பக்கத்து நடையில் ஒரு சின்னச் செருப்பு கிடந்தது. அதற்கு நேரே, சணப்பின் அடியில், ஒரு நாய்க்குட்டி நுழைகிற அளவுக்குக் குச்சிகள் விலகி இருந்தன.

கதவைத் தாழ் போட்டது பாம்பு உள்ளே வராமல் இருக்க. நாங்கள் பத்திரமாக உள்ளே உட்கார்ந்துகொண்டு, குழந்தையை அதோடு வெளியே வைத்துப் பூட்டியிருந்தோம்.

மனைவி ஓடினாள். அக்கா அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள், தோள்பக்கம் துணி கிழிந்தது. "விடுங்க அண்ணி!" "ஓடாதடி! நீ மிதிக்கிற மிதியில அது மிரண்டு பிள்ளை பக்கம் போச்சுன்னா?" மனைவி நின்றாள். நின்ற இடத்திலேயே அவள் கால் இரண்டும் மாறி மாறி மிதித்துக்கொண்டே இருந்தன, அவளுக்கே தெரியாமல்.

"சில்லறை!" என்று கூப்பிட்டேன். "கண்ணு! அப்பா வந்திருக்கேன்."

காற்றுகூட இல்லை. மேலே மஞ்சள் மொட்டு, கீழே கறுப்பாக இருட்டு.

அப்போது மண்வெட்டிக்காரர் தோளில் மண்வெட்டி, கையில் அரிவாளோடு உள்ளே வந்தார். வாய் நிறையச் சிரிப்பு. எங்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார். ஆளுக்கு ஒரு வார்த்தையாக விஷயத்தைச் சொன்னோம்.

"வெட்டிடலாம் முதலாளி. ஆளுக்கு ஒரு பக்கம். சட்டுன்னு முடிஞ்சிடும்" என்றார்.

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. பெரிய சுமை என்றால் பங்கு போடு. பிறந்ததிலிருந்து படித்த பாடம். அவருக்கு அரிவாள். எனக்குச் சாக்கு அறுக்கிற கத்தி. மனைவி காய் நறுக்குகிற கத்தியை எடுத்து வந்தாள். அக்கா துணிக் கத்தரியோடு நின்றாள். டெய்லர் ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டது. நாலு பக்கமும் நாலு பேர். வெளி வரிசையிலிருந்து உள்நோக்கி வெட்டிக்கொண்டு போனோம். குச்சிகள் ஒல்லியாக, ஈரமாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வந்தன. அறுபட்ட இடத்தில் பச்சை வாடை. ஒவ்வொரு கொத்தைப் பிடித்து இழுக்கும்போதும் அடியில் என்ன இருக்குமோ என்று கை பின்னால் வந்தது. இழுக்காமல் விட்டால் உள்ளே இருக்கிறவள் என்ன ஆவாளோ என்று கை முன்னால் போனது. என் கையையே நான் கெஞ்ச வேண்டியிருந்தது.

"நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க!" டெய்லரின் குரல். இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தார். "ரெண்டு இடத்துல நுனி ஆடுது. தொட்டிப் பக்கமா உள்ள ஒரே இடத்துல ஒண்ணு, யாரோ பூப் பறிக்கிற மாதிரி. இன்னொன்னு..." அவர் குரல் கீழே வந்தது. "இன்னொன்னு சாக்கடைப் பக்கத்துலேருந்து கோடு போட்டுக்கிட்டுப் போகுது. அதை நோக்கித்தான்."

என் மனைவிதான் முதலில் புரிந்துகொண்டாள். கத்தியைக் கீழே போட்டாள். "நாமதான் துரத்துறோம்" என்றாள். "நாலு பக்கமும் வெட்டி, நடுவுக்கு, அவகிட்டத் துரத்துறோம்."

வெளி வரிசை குறையக் குறைய ஒளிய இடம் உள்ளேதானே இருக்கும்? சந்தையில் நாலு தரகர்கள் சேர்ந்து புது வியாபாரியை நாலு பக்கமும் அடைத்தால், கடைசியில் அவன் எங்கே போய் முட்டுவான் என்று எனக்குத் தெரியாதா? நானே அடைத்திருக்கிறேன். ஆனாலும் கையில் கத்தியோடு கெட்டிக்காரன் மாதிரி வெட்டிக்கொண்டிருந்தேன். நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கியது.

"அந்தப் பக்கம் திறந்து விடணும்" என்றார் மண்வெட்டிக்காரர், குழாயைக் காட்டி.

"திறந்துதானே கிடக்கு? அக்கா அங்கேதான் வெட்டினா."

"அதனாலதான் போகாது" என்றாள் அக்கா. அவள் முன்னால் சணப்புக்கும் குழாய்க்கும் நடுவே வெட்டவெளி, சுள்ளென்று வெயில். "கடையை விட்டு வெளியே போற ஆளுக்கு வாசல்ல நிழல் வேணும்டா. இல்லேன்னா போக மனசு வராது, உள்ளேயே நிப்பான்." சொல்லிக்கொண்டே வெட்டிப் போட்ட சணப்பை வாரி வாரி, சணப்பின் ஓரத்திலிருந்து குழாய் வாய் வரைக்கும் திண்டு மாதிரிப் போட்டாள். மண்வெட்டிக்காரரும் சேர்ந்துகொண்டார். எடுத்துக்கொண்டு நடந்த கால்கள் பூனைக்கால்கள். பிறகு இருவரும் மதிலோடு ஒட்டி நின்றார்கள்.

நான் தொட்டிப் பக்கம் போனேன். கத்தியை வைத்துவிட்டேன், இருட்டுக்குள் கத்தியை வீசி என் பிள்ளையையே வெட்டிவிட்டால்? குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் குச்சிகளை ஒவ்வொன்றாக விலக்கினேன். அவள் இருக்கிற இடம் தெரிந்தால் போதும். அதற்கு அவள் ஒரு வார்த்தை பேச வேண்டும். பேச மாட்டாள், எனக்குத் தெரியும். அதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

பேரத்தில் முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்றான். இதை அவளுக்கு ஒரு விளையாட்டாகக் கற்றுக் கொடுத்திருந்தேன். மிட்டாய்க்கு, பொம்மைக்கு, தூங்கப் போகிற நேரத்துக்கு, எல்லாவற்றுக்கும் இருவரும் உம்மென்று உட்கார்ந்திருப்போம். அன்று காலை, சணப்பை வெட்டக் கூடாது என்று வந்து நின்றாள். உள்ளே அவள் வீடு கட்டியிருக்கிறாளாம். முடியாது என்றேன். உதட்டை இறுக்கிக்கொண்டு போனாள். அந்தப் பேரம் இன்னும் முடியவில்லை.

தோற்கிறவன் நானாகவே இருக்கட்டும் என்று வாயைத் திறந்தேன். "சரிம்மா. பாதிதான் வெட்டுவேன். பாதி உனக்கு."

இன்னொரு குச்சியை விலக்கினேன்.

"முக்கால் உனக்கு."

இலை உரசுகிற சத்தம். எது உரசியது?

"எல்லாமே உனக்குத்தான்னு வச்சுக்கோ. தொட்டிப் பக்கம் மட்டும் எனக்கு."

"முழுசா" என்றது ஒரு குரல். என் கைக்கு எட்டுகிற தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால், இடது பக்கம்.

பின்னால் மனைவி வாயைப் பொத்திக்கொண்டது கேட்டது.

"முழுசா கேட்டா அம்மா திட்டுவாளே."

"அப்ப நான் வரமாட்டேன்."

"வராதே! நீ வரவே வேணாம். நானே வரேன். நீ எழுந்திருக்காம அப்படியே உட்காரு. எழுந்தா நீ தோத்த."

"சரி."

"காலை மடக்கிக்கோ."

"ஏன்?"

ஏன் என்று நான் எதைச் சொல்வது? "காலை நீட்டிக்கிட்டுப் பேரம் பேசினா விலை படியாது. அத்தை எப்படி உட்காருவா? சம்மணம் போட்டுத்தானே?"

உள்ளே ஏதோ நகர்ந்தது. மடக்கிக்கொண்டாள் என்று நம்பினேன். நான் இன்னும் நாலைந்து குச்சிகளை விலக்கி, வயிற்றால் ஊர்ந்து தலையை நுழைத்தேன். ஈர மண்ணின் வாடை மூக்கில் ஏறியது. கண்ணுக்கு எதிரே குச்சிகள், அவற்றுக்குப் பின்னால் இன்னும் குச்சிகள். கொசுறு, கொசுறு, கொசுறு! அந்த நேரத்தில் என் கூடப்பிறந்தவளை மனசுக்குள் திட்டியதற்குக் கணக்கே கிடையாது.

"அப்பா."

"சொல்லும்மா."

"டெய்லர் மாமா டேப்பு கீழ விழுந்துடுச்சா?"

"ஏன்?"

"இங்க கிடக்கு. ஆனா குண்டா இருக்கு."

முழங்கையை ஊன்றி இன்னும் ஒரு சாண் முன்னால் ஊர்ந்தேன்.

"எடுத்துக் குடுக்கட்டுமா?"

"தொடாதே!" கத்திவிட்டேன். உடனே குரலைத் தாழ்த்தினேன், பயப்பட்டுத் துள்ளிவிட்டால் என்ன செய்வது? "தொடாதம்மா. நம்ம கடையில என்ன சட்டம்? கையை வச்சா?"

"வாங்கணும்."

"அதை வாங்கிட்டு நாம என்ன பண்றது? விலையும் தெரியாது, தரமும் தெரியாது. கையை மடியில வச்சுக்கோ. ரெண்டு கையையும்."

"வச்சுட்டேன்."

கடைசிக் குச்சிகளை விலக்கினேன். என் மகள் சம்மணம் போட்டு, மடியில் கை வைத்து, கல்லாவில் உட்கார்ந்த அக்கா மாதிரியே உட்கார்ந்திருந்தாள். குச்சிகளின் நுனியை வளைத்து மேலே முடிச்சுப் போட்டிருந்தாள், அதுதான் கூரை. தலை நிறைய மஞ்சள் மொட்டு. அவள் முழங்காலிலிருந்து ஒரு முழம் தள்ளி, வளைத்த குச்சிகளின் அடியில், அது இருந்தது. மண் நிறம், என் மணிக்கட்டுக் கனம். உடல் சுருண்டு, தலை மட்டும் தூக்கியிருந்தது. என்னைத்தான் பார்த்தது.

என் கையை மெதுவாக நீட்டினேன். எறும்பு ஊர்கிற வேகத்தில். அவள் விரல்கள் என் விரல்களுக்குள் வந்தன. இழுத்துவிடலாம். இழுத்தால் அவள் கால் அந்தப் பக்கமாகத்தான் உதறும். இழுக்கவில்லை. அப்படியே இருந்தேன். அதுவும் இருந்தது.

எத்தனையோ பேரங்களில் உட்கார்ந்திருக்கிறேன். எதிராளி கண்ணை நகர்த்துகிறானா, தொண்டையை விழுங்குகிறானா என்று பார்ப்பேன். இதன் கண்ணுக்கு இமையே இல்லை. நெஞ்சு தரையில் அழுந்தியிருந்ததால் என் இதயம் அடிப்பது மண்ணுக்கே கேட்டிருக்கும். அவளை விட்டுவிடு, வேண்டுமானால் என்னை எடுத்துக்கொள் என்று மனசுக்குள் விலை சொன்னேன். அப்படி முழு விலையை முதல் வார்த்தையிலேயே நான் யாருக்கும் சொன்னதில்லை.

"அப்பா," என்று கிசுகிசுத்தாள், "அதுவும் விளையாடுதா?"

"உம்."

"யாரு முதல்ல?"

"நாம இல்லம்மா. நாம இல்ல."

தலை இறங்கியது. ஒரு சுருள் அவிழ்ந்தது, பிறகு இன்னொன்று. குச்சிகளின் நடுவே மண் நழுவுவது போலிருந்தது. வால் போய் முடிகிற வரையில் அவள் விரல்களை நான் விடவில்லை.

"நுனி ஆடுது... குழாய்ப் பக்கம்... குழாய்ப் பக்கம்தான்!" என்று டெய்லர் மேலிருந்து மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தார், துணிக்கு அளவு எடுத்துச் சொல்கிற மாதிரி. அக்கா போட்ட பச்சைத் திண்டின் அடியில் சரசரப்பு ஓடியது. பிறகு, "உள்ளே போச்சு முதலாளி!" என்று மண்வெட்டிக்காரரின் குரல். அக்கா பருப்புச் சாக்கைச் சுருட்டிக் குழாய் வாயில் திணித்து, அதன்மேல் தானே ஏறி உட்கார்ந்துகொண்டாள். பாம்பு பிடிக்கிறவர் வந்து சேர்கிற வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. அவர் வந்து, "நீங்க எழுந்தாதானே நான் பிடிக்க முடியும்?" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. பிடித்து, பையில் போட்டு, எடுத்துக்கொண்டு போனார். பையின் அசைவைப் பார்க்க நான் அங்கே நிற்கவில்லை.

சில்லறையை வெளியே தூக்கி வந்ததும் மனைவி அவளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாக, விரல் இடுக்காக. ஒன்றுமில்லை, முழங்காலில் ஒரு எறும்புக்கடி. பார்த்து முடித்ததும் முதுகில் ஓர் அடி வைத்தாள். பிறகு அடித்த இடத்திலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நான் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னிக்கு வேணாம் முதலாளி, நாளைக்கு வந்து கொத்திக்கலாம்" என்றார் மண்வெட்டிக்காரர்.

"இப்பவே" என்றாள் மனைவி. "ஒரு குச்சி நிக்கக் கூடாது."

"எல்லாமே எனக்குன்னு அப்பா சொன்னாங்க" என்றாள் சில்லறை.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மதிலைப் பார்த்தேன். அவள் அரிவாளை மண்வெட்டிக்காரர் கையிலிருந்து பிடுங்கினாள்; அந்த வளைத்த கூரையை, முடிச்சோடு, முதலில் அவளே வெட்டினாள். சில்லறை வாயைத் திறந்தாள். தெருக்கோடி வரை கேட்டிருக்கும். அழுகையின் நடுவே, "பேசிட்டு மாறிட்டாங்க! அப்பா பேசிட்டு மாறிட்டாங்க!" என்று ஊருக்கே சொன்னாள். வியாபாரிக்கு அதைவிடக் கேவலமான வார்த்தை கிடையாது. எனக்கு அந்தச் சத்தம் போதவில்லை. இன்னும் கொஞ்சம் கத்து, இன்னும் கொஞ்சம் கத்து என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் மண்வெட்டிக்காரர் எல்லாவற்றையும் துண்டு போட்டு, தண்ணீர் விட்டு, மண்ணுக்குள் மடக்கிவிட்டார். வேரைப் பிடுங்கிக் காட்டினார். கடுகு கடுகாக முடிச்சு. கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. நல்லா பிடிச்சிருக்கு முதலாளி என்றார். நல்லது என்று எட்டி நின்றே சொன்னேன். சில நாள் அழுகல் வாடை அடித்தது, பிறகு அது மண்வாடையாக மாறியது.

நாற்றுப்பண்ணை அம்மாள் மறுபடி வந்தபோது மண்ணில் மணிக்கட்டு வரை கையை விட்டு எடுத்தாள். கறுப்பாக, பொலபொலவென்று, விரல் வழியே உதிர்ந்தது. "பாருங்க, நீங்களும் கையை விட்டுப் பாருங்க" என்றாள். நான் விடவில்லை. மூட்டை மூட்டையாகக் கையை விட்டுப் பழகியவன். அந்த மண்ணை இன்றும் குச்சியால் நாலு தட்டு தட்டாமல் தொட மாட்டேன். மனைவிதான் தக்காளி நட்டாள், செடிக்குச் செடி அகலமாக இடம் விட்டு. அக்காவைப் பக்கத்தில் விடவில்லை.

சாயங்காலமானால் எனக்கு ஒரு வேலை. "சில்லறை!" என்று கூப்பிட வேண்டும். எங்கிருந்தாவது பதில் வருகிறவரை என்னால் கடையைப் பூட்ட முடியாது. அவள் மாடிப்படியிலோ மூட்டைகளின் பின்னாலோதான் இருப்பாள், எனக்குத் தெரியும். தெரிந்தாலும் கூப்பிடுவேன்.

"சில்லறை! வாம்மா."

"எதுக்கு?"

"சாப்பிட. மிட்டாய் தரேன்."

"முதல்ல கையில காட்டுங்க" என்கிறது மூட்டையின் பின்னாலிருந்து குரல். "அப்புறம் வரேன். நீங்க பேசிட்டு மாறுற ஆளு."

எடுத்துக் காட்டுகிறேன்.